கத்திரி வெயிலும் கனிக்யூலும்

இந்த வருஷம் கத்திரி தொடங்கிய அன்று காலையில், பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "சார், கத்திரி ஆரம்பிச்சிடுச்சு. உங்க நாயை இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் அவுத்து விடாதீங்க. வெயில்ல வெறி புடிச்சிடும்."

நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். "ஊசி போட்டாச்சுங்க" என்றேன். "ஊசி போட்டா சரிதான் சார். ஆனாலும் வெயிலு வெயிலுதானே" என்றார். நான் மேற்கொண்டு பேசவில்லை. அவர் சொன்னதை எங்கள் ஆயாவும் சொல்லியிருக்கிறாள், அப்பாவும் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து நானே அதைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்த ஒரு நம்பிக்கைக்கு எங்கள் வீடு கொடுத்த விலையைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் வெயிலுக்கும் நாய்க்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று பார்ப்போம். பிரெஞ்சில் கடும் வெயிலுக்கு 'கனிக்யூல்' என்று பெயர். லத்தீனில் 'கனிகுலா' என்றால் சின்ன நாய். வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைத்தான் ரோமானியர்கள் அப்படி அழைத்தார்கள். அது சூரியனோடு சேர்ந்து உதிக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவர்கள் ஊரில் வெயில் கொளுத்தும். நட்சத்திரமும் சூரியனும் சேர்ந்து எரிப்பதாக நம்பினார்கள். நாய்களுக்கு வெறி பிடிப்பதும் அந்த நட்சத்திரத்தின் வேலை என்றார்கள். ஏப்ரல் 25இல் கோதுமையைத் துரு நோய் தாக்காமல் இருக்க ரோமில் ஒரு நாயைப் பலி கொடுக்கும் வழக்கம்கூட இருந்தது.

நாமும் வெயிலை ஒரு நட்சத்திரத்தின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம். சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் வரை போகும் நாட்களே அக்னி நட்சத்திரம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. எங்கோ இருந்த இரண்டு நாகரிகங்கள், ஆளுக்கொரு நட்சத்திரத்தின் மேல் வெயிலின் பழியைப் போட்டன. ரோமானியர்கள் நாயையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த எண்ணம் ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் நீடித்தது. கோடை வந்தால் நாய்களுக்கு வாய்க்கூடு போடு, தெருவில் திரிவதை அடித்துக் கொல் என்று நகரங்களில் உத்தரவு போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கால்நடை மருத்துவர்கள் மாதவாரியாகக் கணக்கெடுத்தபோதுதான், வெறிநோய் எல்லா மாதங்களிலும் வருகிறது, குளிர்காலத்திலும் வருகிறது என்று தெரிந்தது. நூலில் எழுதியாயிற்று. மதில் மேல் பேசும் பேச்சில் மட்டும் இன்னும் மாறவில்லை.

இனி எங்கள் மெதோரின் கதை.

மெதோர் என்பது பிரான்சில் நாய்களுக்கு வைக்கும் பழைய பெயர், நம் ஊர் மணி, ராமு மாதிரி. குருசுக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பா அதைக் குட்டியாக எடுத்து வந்தபோது எனக்கு எட்டு வயது. செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். வீட்டில் யாருக்கு அது சொந்தம் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் ஓயாத சண்டை. உண்மையில் அது ஆயாவின் நாய். மீன் தலையை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைப்பது அவள்தான்.

1961 கார்த்திகை மாதம், ஒரு மாலை. மெதோரை அவிழ்த்து விடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. எனக்குக் கடற்கரையில் அதோடு ஓட ஆசை, அவிழ்த்துவிட்டேன். கார்த்திகை மார்கழியில் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும், பெட்டைக்காக அடித்துக்கொள்ளும். மெதோர் அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. இழுத்து வந்தபோது நிமிர்ந்த காது கிழிந்து ரத்தம் கொட்டியது. மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். "வேலியில் மாட்டிக் கிழிந்துவிட்டது" என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் நம்பினார்.

காது ஆறியது. மாட்டுப் பொங்கலன்று, பக்கத்து வீட்டு மாடுகளுக்குப் பொட்டு வைத்த கையோடு ஆயா மெதோருக்கும் ஒரு பொட்டு வைத்தாள். இரண்டு நாள் கழித்து அது மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வரவில்லை. குரைத்தபோது குரல் கரகரவென்று வேறு நாயின் குரலாக இருந்தது. மறுநாள் கீழ்த்தாடை தொங்கிப்போய், எச்சில் நூலாக வடிந்தது. மீன் தலையை முகர்ந்தது, விழுங்க முடியவில்லை.

"தொண்டையில் முள் குத்திக்கிச்சு" என்றாள் ஆயா. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். தையில் காற்று ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. வெறி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. நான் தாடையைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் விளக்கைக் காட்ட, ஆயா தன் கையைத் தொண்டை வரை விட்டுத் தேடினாள். முள் இல்லை. அண்ணனும் ஒரு முறை தேடிப் பார்த்தான். மெதோர் யாரையும் கடிக்கவில்லை. கடிக்கத் தாடையில் பலமே இல்லை.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இந்தோசீனாவில் பல வருஷம் இருந்தவர். சைகோனில் 1891இல் கால்மெத் என்ற மருத்துவர் தொடங்கிய பஸ்தேர் நிலையம் உண்டு, பிரான்சுக்கு வெளியே தொடங்கிய முதல் பஸ்தேர் நிலையம் அதுதான். வெறிநாய்க்கடி என்றால் என்ன என்று சொல்தாக்களுக்கு அந்த ஊரில் நன்றாகவே தெரியும். அன்று மாலை ஏதோ வேலையாக வந்தவர் படிக்கடியில் குனிந்து பார்த்தார். அப்படியே பின்வாங்கினார். "யாராவது வாயில கை விட்டீங்களா?" என்று கேட்டார். ஆயா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மீன் வெட்டும் கை, கீறல் இல்லாத நாள் கிடையாது.

மெதோர் மறுநாள் விடியும் முன் செத்தது. நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் 14 ஊசி, தினம் ஒன்று, தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி. டேவிட் செம்பிள் என்பவர் 1911 வாக்கில் கசௌலியில் உருவாக்கிய மருந்து அது, ஆட்டு மூளையிலிருந்து எடுப்பது. தென்னிந்தியாவுக்கென்று 1907 முதல் குன்னூரிலும் ஒரு பஸ்தேர் நிலையம் உண்டு. அந்த மருந்தால் சிலருக்குக் கை கால் விழுந்துவிடுவதும் உண்டு என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். 2004இல்தான் இந்தியாவில் அதன் தயாரிப்பை அடியோடு நிறுத்தினார்கள். இப்போது தோளில் நான்கைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துகிறார்கள்.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துகிற ஒன்று உண்டு. அந்த வருஷம்தான் எங்கள் மெத்ர் வகுப்பில் ஒரு திக்தே கொடுத்திருந்தார், அதாவது சொல்வதை எழுதும் பாடம். தலைப்பு பஸ்தேரும் ழோசெஃப் மெய்ஸ்தெரும். அல்சாஸ் கிராமத்துச் சிறுவன், ஒன்பது வயது, வெறிநாய் கடித்து உடம்பெல்லாம் காயம். 1885 ஜூலை 6 அன்று பாரீசில் முதல் ஊசி. பத்து நாட்களில் 13 ஊசி. பையன் பிழைத்தான். நான் அதை ஒரு தவறும் இல்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது அந்த வரிகள் மனதில் ஓடின. ழோசெஃப் மெய்ஸ்தெரை விட எனக்கு ஒரு ஊசி கூட என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பாடத்தில் இல்லாத ஒரு செய்தியைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். பஸ்தேர் அந்த மருந்தை முதலில் மனிதனுக்காகச் செய்யவில்லை, நாய்களுக்காகத்தான் செய்தார். 1884இல் அரசு அமைத்த குழு ஒன்று அவருடைய நாய்களைச் சோதித்தது. அதன் தலைவர் பூலே என்ற கால்நடை மருத்துவர். தடுப்பு மருந்து செலுத்திய நாய்களுக்கு வெறிநோய் பிடிக்கவில்லை என்று அந்தக் குழு உறுதி செய்தது. நாட்டிலுள்ள நாய்களுக்கெல்லாம் போட்டுவிட்டால் மனிதனுக்கு நோயே வராதே என்ற யோசனை பஸ்தேருக்கு இருந்தது. ஒவ்வொரு நாய்க்கும் பல ஊசிகள் தேவை, நாய்களோ லட்சக்கணக்கில். நடக்காத காரியம் என்று விட்டுவிட்டு, கடிபட்ட பின் மனிதனுக்குப் போடும் வழிக்குத் திரும்பினார். ஒரே ஊசியில் நாயைக் காக்கும் மருந்தை ஜப்பானியர்களான உமேனோவும் தோயும் 1921இல் வெளியிட்டார்கள். ஆக, மெதோர் சாவதற்கு நாற்பது வருஷம் முன்பே அதைக் காப்பாற்றும் வழி உலகத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் மெய்ஸ்தெரைத் தெரியும், நாய்க்கு ஊசி உண்டு என்பது தெரியாது.

ஏழாவது ஊசி அன்று, வீடு திரும்பும் வழியில், அப்பாவிடம் காது கிழிந்த கதையைச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "நீ அன்னிக்கே சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்ணும் தோணியிருக்காதுடா. அது வெயில் காலம் இல்லையே."

அப்பா சொன்ன அந்த வாக்கியம்தான் எனக்கு மறக்கவில்லை. காலத்தின் மேல் பழியைப் போட்டு வைத்திருந்ததால், கண்முன்னே இருந்ததை ஒருவராலும் பார்க்க முடியவில்லை. கடவுள் புண்ணியம், மூன்று பேரும் பிழைத்தோம். ஆயா அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் இருந்தாள். வேறு நாய்க்கு மட்டும் சோறு பிசைந்து வைக்கவே இல்லை.

இவ்வளவு பட்ட நான் பின்னாளில் என்ன செய்தேன் தெரியுமா? ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது ஒவ்வொரு மார்ச் மாதமும் என் மேசைக்கு ஒரு கோப்பு வரும். "கோடைக் காலம் நெருங்குவதால் வெறிநாய்த் தொல்லையைக் கட்டுப்படுத்த" நாய் பிடிப்பதற்கான செலவுக்கு ஒப்புதல் கோரும் குறிப்பு. முந்தின வருஷத்துக் குறிப்பை எடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து மேலே அனுப்புவேன். "ஐயா, எங்கள் வீட்டில் தை மாதத்தில் வந்தது" என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. எழுதினால் கோப்பு திரும்பி வரும், விளக்கம் கேட்பார்கள் என்ற பயம். பிடித்த நாய்களுக்கு என்ன நேர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2001இல் மத்திய அரசு விதிகள் வந்த பின்தான், கொல்வதை விட்டு, கருத்தடை செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விடவேண்டும் என்றாயிற்று. அப்படியானால் பருவத்துக்கும் நாயின் நலத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பருவமும் கொண்டுவரும் ஆபத்து வேறு.

கோடையில் வருவது வெறி அல்ல, வெப்பம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு விசிறி. வெயிலில் இரைத்து, எச்சில் வடித்துத் தள்ளாடும் நாயைப் பார்த்து வெறி என்று கல்லெறிவார்கள். அது தண்ணீர் கேட்கிற நாய். நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 101, 102 பாரன்ஹீட் இருக்கும், 106ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வயிற்றிலும் பாதங்களிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்றில் கிடத்தி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. நான் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுகிறேன். மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்ப்பேன், என் கை ஐந்து நொடி தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

நம் மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. பெரிய வாய்க்கால் நிரம்பினால் எலிகள் வளையை விட்டு வெளியே வரும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரை நாய் நக்கினால் எலிக்காய்ச்சல் வரும், நமக்கும் ஒட்டும். அதன் கிருமியை ஜப்பானில் 1915இல் கண்டுபிடித்தார்கள். நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து உண்டு.

மழை விட்ட புழுக்கத்தில் உண்ணி பெருகும். உண்ணி ரத்தம் குடிக்கிறது, அவ்வளவுதானே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்ணி வழியாக நாய்க்குப் பரவும் ஒரு காய்ச்சல் கிருமியை, அல்ஜீரியாவின் பஸ்தேர் நிலையத்தில் தொனாசியேன், லெஸ்தொக்கார் என்ற இருவர் 1935இல் கண்டார்கள். அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து நூற்றுக்கு மேல் செத்தபோதுதான் உலகம் அந்த நோயைத் திரும்பிப் பார்த்தது. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கண்டால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஆரம்பத்தில் கண்டால் மாத்திரையிலேயே குணமாகும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினம் தடவிப் பார்ப்பது நல்லது.

மார்கழி, தை குட்டிகளின் காலம். குட்டிகளைக் கொண்டுபோவது டிஸ்டெம்பரும் பார்வோவும். டிஸ்டெம்பருக்குக் காரணம் வைரஸ் என்று 1905இல் காட்டியவர் ஆன்ரி கர்ரே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். கண்ணில் பூளை, மூக்கில் சளி, கடைசியில் வலிப்பு. அந்த வலிப்பைப் பார்த்தும் வெறி என்று அடித்துக் கொன்றிருக்கிறார்கள். பார்வோ 1978இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது, ஓரிரு வருஷத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பரவிவிட்டது. ரத்தக் கழிச்சலாகத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் குட்டியை முடித்துவிடும். ஆறு, எட்டு வாரத்தில் முதல் ஊசியும் பிறகு தவணை ஊசிகளும் போட்டுவிட்டால் இரண்டுக்கும் பயம் இல்லை.

வெறிநோய்க்கு மட்டும் பருவம் கிடையாது. அதனால் அதற்கு விடுமுறையும் கிடையாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தவணையில் மறுஊசி. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய் விழுங்கத் திணறினால் முள் என்று வாயில் கை விடாதீர்கள். எங்கள் ஆயா செய்த தவறு இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம்.

மனிதனுக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாயால் வருவது. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவச் சங்கிலி கிடைக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ்தேர் நடக்காத காரியம் என்று விட்ட யோசனை அதுவேதான். நம் நாட்டில் கோவாவில் தெருத்தெருவாகப் போய், வலை வீசிப் பிடித்து ஊசி போட்டு விட்டார்கள். 2018இலிருந்து சில வருஷம் அங்கே ஒரு மனிதர்கூட வெறிநோயில் சாகவில்லை. நம் ஊரைப் போல அதுவும் ஐரோப்பியர் ஆண்ட சின்ன நிலப்பரப்புதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இப்போது வீட்டில் இருப்பது நான்காவது நாய். மெதோர் என்ற பெயரை நான் மறுபடி யாருக்கும் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம், நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வைத்து, கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வெறிநோய் ஊசி போட்டு வருகிறேன். மருத்துவர் ஒருமுறை கேட்டார்: "ஏன் சார், எல்லாரும் கோடைக்கு முன்னாடி மார்ச்ல வருவாங்க, நீங்க மட்டும் எப்பவும் தையில வர்றீங்க?" வரிசை நீளமாக இருந்ததால் அன்று அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இந்தக் கட்டுரையை அச்செடுத்து அடுத்த முறை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மதில் பக்கத்து நண்பருக்கும் ஒரு பிரதி.